மண்டபம் முகாமும் ஒரு மண் தோண்டும் கையும்

1

ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமல் ஒருவர் இலங்கைக்கு வெளியே இருந்திருந்தால், அதனால் அவருடைய தொடர்ச்சியான வதிவு அறுந்ததாகக் கொள்ளக் கூடாது. இங்கே வாழும் இந்தியர்கள் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்பதற்கென்று இயற்றப்பட்ட சட்டத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறது. வதிவு என்றால் குடியிருந்த காலம். தெளிவான விதி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். விசாரணை அதிகாரிகளுக்குப் புரிவதுதான் சிரமம்.

நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு, கடல் கடந்த வாழ்க்கையின் சுவையான அனுபவங்களை எழுதி அனுப்பும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். சுவைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் பேசப்பட்டது ஒரே ஒரு விஷயம். என் மகனுடைய சின்ன டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிற, மண் தோண்டும் இரும்புக் கை ஒன்றை வாங்குவதா, வேண்டாமா என்பதுதான் அது. ஓர் இரும்புச் சாமானுக்கும் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குளித்தலையில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். மாத்தளையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

என்னை மறந்தவர்களுக்காக இரண்டு வரி. பள்ளி இறுதித் தேர்வு முடித்த கையோடு தனுஷ்கோடியில் கப்பலேறியவன் நான். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றேன். இப்போது மாத்தளை டவுனுக்கு வடக்கே, நாவுல பஸ் போகும் ரோட்டோரத்தில், மிளகும் கொக்கோவும் உள்ள ஒரு துண்டு நிலத்தில் வீடு.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் அந்தச் சட்டம் வந்தது. எங்கள் தோட்டத்தில் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாக்கர் குவாட்டர்ஸ் வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். யார் எந்த வருஷம் வந்தார்கள், எந்தக் கங்காணியோடு வந்தார்கள், எந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்று இருக்கிறது என்று தோண்டித் தோண்டிக் கேட்டு எழுதினேன். அவர்களில் பலருக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. தெருவில் கண்டால் இன்றும் கும்பிடுகிறார்கள். "ஐயாவுக்கு இன்னும் வரலீங்களா?" என்று கேட்காமல் போகிறவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

என் விண்ணப்பத்திலேயே என் மனைவி ராஜம்மாளும், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன் நடேசனும் அடக்கம். நான் தேறினால் அவர்களும் தேறுவார்கள். நான் விழுந்தால் மூன்று பேரும் விழுவோம். நடேசன் பிறந்தது மாத்தளை ஆஸ்பத்திரியில். இந்தியாவை அவன் தேசப்படத்தில் பார்த்திருக்கிறான்.

2

டவுனில் பழைய இயந்திரச் சாமான் கடை வைத்திருப்பவர் காசிம் நானா. நானா என்றால் இங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வது. டவுன் முழுவதற்கும் அவர் அண்ணன். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, அவருடைய லொறி எங்கள் வாசலுக்கு வந்து, பலா மரத்தடியில் ஒரு பெரிய இரும்புச் சாமானை இறக்கிவிட்டது. வெட்டுக்கிளியின் காலைக் கழற்றிப் பெரிதாக்கியது போல இருந்தது. நுனியில் பற்கள் வைத்த வாளி. பக்கத்துக்கு ஒன்றாக ஊன்றிக்கொள்ள இரண்டு கால்கள். உடம்பெல்லாம் எண்ணெய்க் குழாய்கள்.

"இது என்ன நானா?"

"பெக்கோ, ஐயா. தோட்டத்து வெள்ளக்காரன் ஊருக்குப் போற நேரம் வித்துட்டுப் போன சாமான். டிராக்டருக்குப் பின்னால பூட்டினா மண்ண அள்ளி அள்ளிக் கொட்டும்."

"நான் கேக்கலையே."

"நீங்க கேக்கல்ல. ஒங்கட மகன்தான் கேட்டாரு. வாங்கச் சொல்லிக் கொண்டு வரல்ல ஐயா, பாக்கச் சொல்லித்தான் கொண்டாந்தேன். பாக்கிறதுக்கு எந்தக் கந்தோர்லயும் பெர்மிட் எடுக்கத் தேவல்லதானே."

கந்தோர் என்றால் ஆபீஸ். என் வாழ்க்கையில் பாதியைத் தின்ற சொல் என்பதால் உங்களுக்கும் அறிமுகம் செய்து வைக்கிறேன்.

நடேசனுடைய டிராக்டர் சிறியது, பழையது. உழவுக் காலத்தில் ஓய்வில்லாமல் ஓடும். அந்தச் சில வாரங்கள் முடிந்துவிட்டால் கொட்டிலில் நின்று கோழிகளுக்கு நிழல் கொடுக்கும். நாவுலப் பக்கம் மிளகாய், வெங்காயம், காய்கறி வைக்கிறவர்கள் கிணறு வெட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். சாதாரணக் கிணறு அல்ல. குளம் மாதிரி அகலமான வட்டக் கிணறு. நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் வறண்ட மாதங்களில்தான் வெட்ட முடியும். ஐப்பசி மழை தொடங்கினால் கரை சரிந்துவிடும். மண்வெட்டியும், அலவாங்கு என்கிற கடப்பாரையும் வைத்து ஆட்கள் வெட்டினால் மேல் மண்ணை எடுப்பதற்குள்ளேயே பருவம் போய்விடும். அந்த மேல் மண்ணை இந்தக் கை எடுத்துக் கொடுத்தால், மிச்சத்தை ஆட்கள் இறங்கி வெட்டிவிடுவார்கள். நாவுலயில் ஒரு சிங்கள முதலாளி முதல் கொந்தராத்தை, அதாவது காண்டிராக்டை, தருவதாக நடேசனிடம் சொல்லியும் விட்டார்.

காசிம் நானா போன பிறகு நடேசன் மரத்தடியில் வந்து நின்றான். பேச வந்த விஷயம் இரும்பு மட்டும் அல்ல என்பது முகத்தில் தெரிந்தது. அவன் மனைவி சரோஜாவின் பெற்றோர் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம்.

"மாமா எங்க ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் பாரம் வாங்கி வச்சிருக்காரு" என்றான். "கையெழுத்துப் போட்டாப் போதும்கிறாரு."

"நீ என்ன சொன்ன?"

"அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"கந்தோர்லருந்து பதில் வரட்டும். அது வராம எந்தப் பக்கமும் அசையக் கூடாது."

"பதில் வரும் வரும்னு பள்ளிக்கூடம் முடிச்சேன். கல்யாணம் முடிச்சேன். இன்னும் எத முடிக்கச் சொல்றீங்க?"

அவன் இரும்புக் கையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

"இது இருந்தா நான் இங்க பொழச்சுக்குவேன் அப்பா. இல்லாட்டி மாமாவோட கப்பல் ஏறிடுறேன். ரெண்டுல ஒன்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்க எனக்கு ஏலாது."

அந்தப் பாரத்தில் அவன் கையெழுத்து விழுந்த நிமிஷத்தில், இங்கே என் விண்ணப்பத்தில் உள்ள அவன் பெயர் தானாகவே விழுந்துவிடும். பிறகு என் மனு வென்றாலும் அவன் திரும்பி வர வழியில்லை. இது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நடைமுறைகள் தெரிந்தவனுக்குத் தூக்கம் குறைவு.

3

இனி என் பன்னிரண்டு மாதக் கதை.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆனபோது, குளித்தலையில் எங்கள் அப்பாவின் நிலத்தை அண்ணன் பாகம் பிரிக்க வேண்டும் என்றார். எனக்குப் பாகம் வேண்டாம், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று லீவு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ராஜம்மாளும் கைக்குழந்தையாக இருந்த நடேசனும் தோட்டத்திலேயே இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு இவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. பங்காளி ஒருவர் வழக்குப் போட்டார். முன்சீப் கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. வக்கீல் வரவில்லை, எதிர் வக்கீலின் மாமியாருக்குச் சுகமில்லை, நீதிபதிக்கு மாற்றல். உங்களில் வக்கீல்களானவர்கள் கோபிக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து, பாகத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வருஷம் நிறைவதற்கு முன்பே மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இலங்கைக்கு வருகிறவர்களைப் பரிசோதித்து அனுப்புகிற முகாம் அது. இருப்பது இந்தியக் கரையில். ஆனால் நடத்தியது இலங்கை அரசாங்கம். டாக்டர் இலங்கை அரசாங்கத்தின் சம்பளக்காரர். என் பெட்டியில் ஒட்டிய சீட்டில் இலங்கை முத்திரை. அன்று பார்த்து என்னோடு இருந்த ஒரு பிரயாணிக்கு உடம்பில் கொப்புளம் கண்டது. அம்மையாக இருக்கலாம் என்று அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரையும் தடுத்து வைத்துவிட்டார்கள். அம்மை இல்லை என்று தெரிந்து எங்களை விட்டபோது, வருஷம் நிறைந்து சில நாட்கள் கடந்திருந்தன.

இந்தியாவோடு இருந்த கடைசி ஒட்டையும் வெட்டிவிட்டு வருவதற்காகப் போன அந்தப் பயணம்தான், எனக்கு இந்தியாவோடு ஒட்டு இருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கோப்பில் ஏறியது.

விசாரணை கண்டியில் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார்.

"முகாமில் உங்களுக்குச் சாப்பாடு கொடுத்தது யார்?" என்றார் ஆங்கிலத்தில். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன்.

"இலங்கை அரசாங்கம்."

"அரிசி?"

"அதுவும் அவர்கள் கொடுத்ததுதான்."

"குடித்த தண்ணீர்?"

கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அங்கிருந்த கிணற்றுத் தண்ணீர்."

"அப்படியானால் இந்தியத் தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

நான் முகாமின் நிர்வாகம் பற்றிச் சொன்னேன். கப்பலில் ஏறியவனை, கப்பல் எந்தக் கடலில் நின்றாலும், கப்பலின் சொந்த நாட்டு மண்ணில் இருப்பவனாகக் கொள்வார்களே, முகாமும் அப்படித்தானே என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"முகாம் மிதக்கவில்லையே" என்றார்.

4

இரும்புக் கை மரத்தடியில் கிடந்தது. கோழிகள் அதன் மேல் ஏறி உட்காரப் பழகிவிட்டன. நான் தினமும் காலையில் ரோட்டோரம் போய் நின்று தபால்காரரைப் பார்ப்பேன். அவர் சைக்கிளை நிறுத்தவும் மாட்டார். தூரத்திலேயே ஒரு கையை எடுத்து ஆட்டி, "அத நே மாத்தயா" என்று சொல்லிக்கொண்டு போவார். இன்றைக்கு இல்லை ஐயா என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

கந்தோருக்கு ஒரு நினைவூட்டல் எழுதினேன். பதிவுத் தபாலில், மூன்று பிரதிகளோடு. அதில் கூடுதலாக ஒரு பத்தியும் சேர்த்தேன். மனுதாரர் இந்நாட்டில் நிரந்தரமாக வாழும் எண்ணத்துடன் விவசாய இயந்திரம் ஒன்றை வாங்க உத்தேசித்திருப்பதால், முடிவை விரைவில் அறிவிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறார். எழுதி முடித்த பிறகுதான் அதிலிருந்த சிக்கல் எனக்கே தெரிந்தது. நிரந்தரமாக வாழும் எண்ணத்துக்கு இந்த இயந்திரம் சான்று. ஆனால் நிரந்தரமாக வாழலாம் என்று அவர்கள் சொன்னால்தான் நான் இயந்திரத்தை வாங்குவேன். அவர்கள் சான்றுக்குக் காத்திருக்கலாம். நான் அவர்களுக்குக் காத்திருக்கிறேன். இப்படிப்பட்ட கோப்புகளை நான் வேலை பார்த்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை தாமாக மூடிக்கொள்வதில்லை.

கோப்பு அசையாததால், இரும்புக் கையோடு வந்த ஆங்கிலக் கைநூலைப் படிக்க ஆரம்பித்தேன். வெள்ளைக்காரர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சின்ன டிராக்டரில் இந்தக் கையைப் பின் கொக்கிகளில் மட்டும் மாட்டி வேலை செய்யக் கூடாது, டிராக்டரின் அடிவயிற்றின் கீழே முன் அச்சு வரைக்கும் ஓர் இரும்புச் சட்டம் போட்டு அதில்தான் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோண்டும் வேகத்தில் டிராக்டரின் நடு உடம்பு பிளந்துவிடும் என்று அதில் இருந்தது. நாங்கள் வாங்கப் போகிற சாமானில் அந்தச் சட்டம் இல்லை.

எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் அச்சில்.

நடேசனிடம் அந்தப் பக்கத்தைப் படித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கைநூலில் இருந்த படத்தை மட்டும் ஒரு தாளில் வரைந்துகொண்டு போனான். ஒரு கிழமைக்குள், டவுனில் வெல்டிங் பட்டறையில் பழைய லொறிச் சட்டத்தை வெட்டி ஒட்டி, படத்தில் உள்ளதைப் போலவே ஒன்றைச் செய்து கொண்டுவந்துவிட்டான்.

"இப்ப பிளக்காதுதானே அப்பா?"

"பட்டறையில செஞ்சதுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான்."

"பிளந்தா?"

"பிளந்தா ஒட்டுவேன். நீங்க சொல்ற மாதிரி எல்லாத்துக்கும் பயந்தா, நான் இவ கையவும் புடிச்சிருக்க மாட்டேன், டிராக்டர் மேல கையும் வச்சிருக்க மாட்டேன்" என்று சரோஜாவைக் காட்டினான். சரோஜா உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இந்தப் பேச்சில் சிரிக்க எதுவும் இல்லை. அவளுடைய அம்மா அப்பா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். "நான் எங்க போனாலும் யாரையோ விட்டுட்டுத்தான் போகணும்" என்று ஒரு தடவை ராஜம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டது. நாவுல முதலாளி ஆள் அனுப்பினார். காசிம் நானாவும் வந்தார்.

"ஐயா, தம்புள்ளையில ஒருத்தர் இத வந்து பாத்துட்டுப் போனாரு. ஒங்களுக்காக இல்லையெண்டு சொல்லி வச்சிருக்கேன். எத்தன நாளைக்குச் சொல்ல?"

"பதில் வர்ற வரைக்கும் பொறுங்க நானா."

"நான் பொறுப்பேன் ஐயா. மழை பொறுக்குமா?"

5

எனக்கு இருந்த பயம் இதுதான். என் சேமநிதிப் பணத்தை இந்த இரும்பில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு கந்தோர் "இல்லை" என்று சொன்னால் நாங்கள் இந்த நாட்டில் யார்? கப்பலில் டிராக்டரையும் பெக்கோவையும் ஏற்ற முடியாது. விற்றால் பாதி விலை. அதைவிடவும், நல்ல காலத்தில் போயிருக்கக்கூடிய மகனை நானே இரும்புச் சங்கிலி போட்டு இங்கே கட்டி வைத்ததாக ஆகிவிடும். வாங்காவிட்டாலோ, அவன் போய்விடுவான். போய்விட்டால் பிறகு "ஆம்" என்று பதில் வந்தாலும் அது யாருக்கு?

ராஜம்மாள் முற்றத்தில் சாக்கில் மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து இரண்டாவது நினைவூட்டலின் நகலை எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, நீங்க குளித்தலைக்குப் போன வருஷம் நான் எங்க இருந்தேன்?"

"தோட்டத்துல."

"நடேசன்?"

"உன்னோடதான்."

"அவனுக்கு அந்த வருஷம் கக்குவான் இருமல். நான்தான் தூக்கிக்கிட்டு ரத்தோட்டை டிஸ்பென்சரிக்கு எறங்குவேன், ஏறுவேன். ஒரு நாள்கூட நாங்க ரெண்டு பேரும் இந்த நாட்ட விட்டுப் போகல. அத அந்தத் தொரகிட்டச் சொன்னீங்களா?"

"அவரு அதக் கேக்கல."

"அவரு கேக்கல, நீங்களும் சொல்லல. நீங்க மண்டபத்துல குடிச்ச தண்ணிக்கு நாங்க ஏன் தாகத்தோட கெடக்கணும்?"

சட்டப்படி பிரதான மனுதாரரின் வதிவுதான் முதலில் பார்க்கப்படும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தாள். நான் பேசி முடித்ததும் சொன்னாள்.

"சட்டத்த நீங்களே வச்சுக்குங்க. எனக்குப் புள்ள இங்க வேணும். அதப் போயி வாங்கிட்டு வாங்க."

"இல்லைன்னு பதில் வந்தா?"

"வந்தா அப்பப் பாப்போம். கெணறு வெட்டுறவன எந்த ராச்சியத்துலயும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

அது சட்ட விளக்கம் அல்ல. ஆனால் பத்து வருஷத்தில் இந்த விஷயம் பற்றி எனக்கு யாரும் கொடுத்த ஒரே தெளிவான பதில் அதுதான்.

மறுநாள் காசிம் நானாவின் கடைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுத்தில் பதில் கிடைக்காமல் ஒரு காரியம் செய்கிறேன் என்ற நினைப்பில் குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

"பில்ல யாருட பேருல போட?" என்றார் நானா. "ஒங்கட பேருலயா, மகன்ட பேருலயா?"

நான் யோசித்தேன். என் வதிவு அறுந்ததா இல்லையா என்று வழக்கு. மகன் பெயர் என் பெயரில் தொங்குகிறது.

"ராஜம்மாள் பேருல போடுங்க."

நானா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்தார். "அம்மாவா லீவர் புடிக்கப் போறாங்க?"

"வாங்கினது அவங்கதான். நான் தூக்கிட்டுப் போக வந்தவன்."

6

நாவுல முதலாளியின் மிளகாய்க் காணியில் முதல் கிணறு. நானும் போனேன். கைநூலை எடுத்துக்கொண்டு போனேன்.

இந்தக் கையை இயக்குகிறவன் டிராக்டரின் முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார வேண்டும். ஊன்று கால்களை மண்ணில் இறக்கி, லீவர்களைப் பிடித்துத் தோண்ட வேண்டும். முதல் வாளி மண் சுலபமாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நடேசன் ஒவ்வொரு வாளியையும் சிங்களத்தில் எண்ணினான். எண்ணுவதும் திட்டுவதும் அவனுக்குச் சிங்களத்தில்தான் வரும். எங்களோடு சண்டை போடுவது மட்டும் தமிழில்.

செம்மண் தீர்ந்து, சரளைக் கல் அடுக்கு வந்தது. வாளியின் பற்கள் அதில் மாட்டிக்கொண்டன. நடேசன் லீவரை இழுத்தான். கை மேலே வரவில்லை. டிராக்டரின் மூக்கு மேலே வந்தது. முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என் காதில் கைநூலின் அந்தப் பக்கம் கேட்டது. பட்டறையில் ஒட்டிய சட்டம் எங்கோ முனகியது.

"நடேசா, விடு. மூக்கு தூக்குது."

அவன் விட்டான். சக்கரங்கள் பொத்தென்று இறங்கின. முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, தன் மச்சானைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் போய் டிராக்டரின் மூக்கில் ஏறி அக்கம்பக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளி நல்ல கனமான மனிதர்.

"அதுல ஆட்கள் ஏறக்கூடாதுன்னு இதுல போட்டிருக்கு" என்று கைநூலைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னேன்.

"அதை எழுதியவர் சாப்பிட்டிருக்கமாட்டார் ஐயா, எடை போதாமல் இருந்திருக்கும்" என்றார் முதலாளி, அவரும் சிங்களத்தில். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும், சட்டத்தின் ஒட்டுகள் மீது ஒவ்வொன்றாகக் கண் வைத்தபடி, அன்று முழுவதும் நின்றேன். அடுத்த நாள் நடேசன் மண் மூட்டைகளைக் கட்டி முன்னால் தொங்கவிட்டான். சட்டம் பிளக்கவில்லை.

சரோஜாவின் பெற்றோர் செப்டம்பரில் புறப்பட்டார்கள். மாத்தளை ஸ்டேஷனில் வழியனுப்பினோம். நிரப்பாத பாரங்களைச் சம்பந்தி நடேசனிடமே கொடுத்துவிட்டார். "கிழிச்சுப் போட மனசு வரல மாப்பிள, நீங்களே வச்சுக்குங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"குளித்தலப் பக்கம் யாருக்கும் ஏதாச்சும் சொல்லணுமா சம்பந்தி?"

"கோர்ட்டுல எங்க வாய்தா முடிஞ்சிருச்சான்னு கேட்டு எழுதுங்க."

அவர் சிரித்தார். ரயில் நகர்ந்ததும் சரோஜா ராஜம்மாளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நடேசன் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான். அவனைத் தடுத்தது நான் இல்லை, அந்த இரும்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அந்தப் பருவத்தில் நான்கு கிணறுகள் முடிந்தன. பல்லேகமவிலிருந்தும் கேட்டு ஆள் வந்தது.

7

மழை தொடங்கிய பிறகு ஒரு காலையில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். அரசாங்க முத்திரை போட்ட நீள உறை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

உடைத்தேன். கடிதம் சிங்களத்தில் இருந்தது. நான் எழுதியது அத்தனையும் ஆங்கிலத்தில். இடையில் அரசகரும மொழி மாறிவிட்டது. என் பெயரும் கோப்பு எண்ணும் மட்டும் எனக்குப் புரிகிற எழுத்தில் இருந்தன. வீட்டில் சிங்களம் படிக்கத் தெரிந்தவன் நடேசன் ஒருவன்தான். அவன் நாவுல முதலாளியின் காணியில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். ராஜம்மாளிடம் எதுவும் சொல்லாமல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சிங்கள ஆசிரியர் ஒருவர். அவரிடம் நீட்டியிருக்கலாம். உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாய்க்கால் பாதியில் இருந்தது. நடேசன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையில் இருந்த எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினான். முதலில் உரக்கச் சிங்களத்தில் படித்தான், பஸ் நேர அட்டவணையைப் படிப்பது போல, எங்கும் தடுக்காமல். அவன் படிக்கிற அழகைக் கேட்டபோது எனக்கு, இவனைப் போய் இந்த நாட்டான் இல்லை என்று யார் சொல்ல முடியும் என்று தோன்றியது. பிறகு தமிழில் சொன்னான்.

"மண்டபத்துல இருந்த நாளெல்லாம் வெளிநாட்டுல இருந்த நாளாத்தான் கணக்காம். அதனால உங்க வதிவு அறுந்துபோச்சாம். நம்ம மூணு பேரு மனுவும் தள்ளுபடி."

"வேற?"

"மேல்முறையீடு செய்யணும்னா, இந்தக் கடுதாசி கெடச்ச திகதியிலருந்து மூணு மாசத்துக்குள்ள செய்யணுமாம்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "பெக்கோவப் பத்தி ஒண்ணும் எழுதல."

என் கண்ணைப் பார்த்தான். அவன் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு என் சட்டைப் பையில் வைத்தான்.

"அப்பா, அந்தக் குடிசையில போயி உக்காருங்க. மழை வர்றதுக்குள்ள இந்தப் பக்கத்த முடிச்சாகணும்."

ஏறி, முதுகைத் திருப்பி உட்கார்ந்து, லீவரைப் பிடித்தான். வாளி மண்ணுக்குள் இறங்கியது. ஏக்கய், தெக்கய் என்று அவன் எண்ணத் தொடங்கினான்.

முதலாளியின் காவல் குடிசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். அம்மைக்காகத் தடுத்து வைக்கப்பட்டவன் தன் விருப்பத்தால் தங்கியவன் அல்ல என்பதை முதல் காரணமாக வைக்கலாம். மனைவியும் பிள்ளையும் ஒரு நாளும் நீங்காமல் இங்கே இருந்ததை இரண்டாவதாக வைக்கலாம். அதை இந்தத் தடவை யாரும் கேட்காமலே எழுதுவேன். அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை. மூன்று மாதம் என்று எதிலிருந்து எண்ணுவது என்பதில் மட்டும் சந்தேகம் இருக்கக் கூடாது என்று, தோட்டத்துக் கந்தோருக்கு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியதைப் போலவே, உறையின் மூலையில் எழுதினேன்:

கிடைத்தது, 1962 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை.